அச்சமும் விதியும்: பரிமாற்று அட்டையாட்டத்தில் திகில் அட்டை வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

பரிமாற்று அட்டையாட்டத்தின் ஓர் அட்டை, பெயர், ஓவியம், விதியுரை, கதைவரி ஆகிய கூறுகள் ஒரே முகப்பில் இணையும் குறும்பனுவலாகும். அதில் அச்சச்சுவையை உண்டாக்கும் முதன்மைக்கூறு ஓவியமோ கதைவரியோ அன்று, விதியுரையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். விதியுரை ஐயத்திற்கு இடந்தரலாகாது. அச்சமோ ஐயத்தில் பிறப்பது. இம்முரணை வடிவமைப்பாளர் எவ்வாறு தீர்க்கின்றனர் என்பதை ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்தின் அட்டைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அச்சம், மருட்கை என்னும் பாகுபாடு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. முடிவில் மாதிரி அட்டையொன்று படிப்படியாக வடிவமைக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரிமாற்று அட்டையாட்டம், திகில், விதியுரை, மெய்ப்பாடு, மருட்கை, இன்னிஸ்ட்ராட்.

முன்னுரை

திகில் இலக்கியம் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் புதினம், சிறுகதை, திரைப்படம் ஆகியவற்றையே களமாகக் கொண்டுள்ளன. இவற்றில் படிப்பவரும் பார்ப்பவரும் கதைமாந்தரின் அச்சத்தைப் பகிர்ந்துகொள்பவர். நிகழ்வுகளின் போக்கை மாற்ற வல்லவர் அல்லர். விளையாட்டில் நிலைமை வேறு. ஆட்டக்காரர் முடிவெடுக்கிறார், அம்முடிவின் விளைவை அவரே ஏற்கிறார். ஆகவே விளையாட்டில் தோன்றும் அச்சம் பிறர் அச்சத்தைக் கண்டு தோன்றுவதன்று. தன் செயலை எண்ணித் தோன்றுவது.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ பரிமாற்று அட்டையாட்ட வகைக்கு முன்னோடியாகும். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற கார்ஃபீல்டு, ஆட்டத்தின் பொதுவிதிகளை மீறும் உரிமையைத் தனித்தனி அட்டைகளுக்கு வழங்கினார். பொதுவிதியும் அட்டையின் கூற்றும் முரண்படின் அட்டையின் கூற்றே வெல்லும். இவ்வுரிமையால் ஒவ்வோர் அட்டையும் தனக்கெனச் சிறு சட்டத்தை இயற்றிக்கொள்ளும் பனுவலாகிறது. ஆட்டக்காரர் தாமே அட்டை புனையும் வழக்கமும் இதிலிருந்தே வளர்ந்தது. நிறுவனமே வாசகர் வாக்கெடுப்பின்வழி அட்டைகளை உருவாக்கியதுண்டு; 2003இல் வந்த ‘ஃபர்காட்டன் ஏன்ஷியண்ட்’, 2014இல் வந்த ‘வேஸ்ட் நாட்’ ஆகியன அவ்வாறு பிறந்தவை.

அட்டை எனும் பனுவல்

இவ்வாட்டத்தின் அட்டை 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. மேலே பெயரும், அட்டையை இறக்கத் தேவையான ஆற்றலாகிய மனாவின் அளவும் இடம்பெறும். நடுவில் ஓவியம், அதன்கீழ் அட்டையின் வகை, அதற்கும் கீழ் விதியுரை, இறுதியில் சாய்வெழுத்தில் கதைவரி. அட்டை உயிரினமாயின் அதன் தாக்குவலிமையும் தாங்குதிறனும் 4/4 என்பதுபோல் இரு எண்களாகக் குறிக்கப்பெறும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவர். அவை தீர்ந்தால் தோல்வி. இறந்த உயிரினமும் பயன்பட்டுத் தீர்ந்த மந்திரமும் இடுகாடு எனப்படும் குவியலில் சேரும்.

இக்கூறுகளுள் ஓவியமும் கதைவரியும் ஆட்டத்தின் போக்கை மாற்றுவதில்லை. முதன்முறை காணும்போது அவை கருத்தை ஈர்க்கும். பத்தாம் முறை கண்கள் அவற்றைக் கடந்துசெல்லும். விதியுரையோ ஒவ்வொரு முறையும் செயற்படுவது. எனவே அட்டையின் சுவை நீடிக்க வேண்டுமாயின் அது விதியுரையில் தங்குதல் வேண்டும்.

இதற்கு 1993ஆம் ஆண்டின் முதல் தொகுதியிலேயே சான்று உண்டு. ‘செங்கிர் வேம்பயர்’ பறக்கும் 4/4 குருதியுண்ணி. அதனால் தாக்குண்ட உயிரினம் அதே முறையில் இறந்தால் அது மேலும் வலுப்பெறும். இது வலிய அட்டை; ஆனால் அதை ஆள்பவருக்கு அச்சம் எதுவுமில்லை. ‘லார்ட் ஆஃப் தி பிட்’ என்பதும் பறப்பதே; 7/7 வலிமையுடைய பேய். ஆயினும் அதனை அழைத்தவர் தம் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் தம் உயிரினங்களுள் வேறொன்றைப் பலியிட வேண்டும். இயலாவிடின் அது தன்னை அழைத்தவருக்கே 7 புள்ளிச் சேதம் விளைக்கும். முன்னதன் ஓவியம் அச்சத்தைக் கூறுகிறது. பின்னதன் விதி அச்சத்தைச் செய்கிறது. பலியிட இன்னும் எத்தனை உயிரினங்கள் எஞ்சியுள்ளன என எண்ணத் தொடங்கும் ஆட்டக்காரர், தீய ஆற்றலோடு உடன்படிக்கை செய்துகொண்டவரின் மனநிலையை விளக்கமின்றியே அடைகிறார்.

இன்னிஸ்ட்ராட்: பொருளிலிருந்து விதிக்கு

அட்டை வடிவமைப்பில் இரு நெறிகள் உள்ளன. விதியை முதலில் அமைத்து அதற்கேற்ற பொருளைத் தேடுவது ஒன்று; பொருளை முதலில் கொண்டு அதனை உணர்த்தும் விதியைக் காண்பது மற்றொன்று. பின்னது மேலிருந்து கீழான வடிவமைப்பு எனப்படும். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று வெளிவந்த ‘இன்னிஸ்ட்ராட்’ தொகுதி இந்நெறியில் அமைந்தது. மார்க் ரோஸ்வாட்டர் அதன் தலைமை வடிவமைப்பாளர். ஐரோப்பியக் காதிக் திகில் மரபே அதன் பொருள்: ஓநாய் மனிதர், குருதியுண்ணிகள், ஆவிகள், நடைப்பிணங்கள், இவற்றினிடையே சிக்கிய சிற்றூர் மக்கள்.

ஓநாய் மனிதரை அட்டையாக்குவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பகலில் மனிதராகவும் இரவில் விலங்காகவும் இருக்கும் ஒன்றை ஒரே முகப்பில் காட்டவியலாது. இதற்கென இருபுறமும் அச்சிட்ட அட்டைகள் இவ்வாட்டத்தில் முதன்முறையாக இத்தொகுதியில் அறிமுகமாயின. ‘ரெக்லெஸ் வெய்ஃப்’ முன்புறத்தில் 1/1 வலிமையுள்ள எளிய மானிடர். பின்புறத்தில் 3/2 வலிமையுள்ள வேட்டை விலங்கு. முந்தைய முறையில் எவரும் மந்திரம் எதையும் இறக்காதிருந்தால், அடுத்த முறையின் தொடக்கத்தில் அட்டை திரும்பும். ஒரே முறையில் ஒருவர் இரண்டோ அதற்கு மேலோ மந்திரங்களை இறக்கினால், அது மீண்டும் மானிடராகும்.

இவ்விதியின் நுட்பம் நோக்கத்தக்கது. மந்திரம் இறங்காத முறை அமைதியான முறை. ஊர் அடங்கிய வேளையிலேயே விலங்கு வெளிப்படுகிறது. ஆரவாரம் எழுந்தால் அடங்குகிறது. இரவு என்ற சொல் விதியுரையில் இல்லை. எனினும் ஆட்டக்காரர் இரவை உணர்கிறார். மேலும் கையில் தகுந்த அட்டை இல்லாத எதிராளி, தன் வாளாவிருத்தலே விலங்கை எழுப்பும் என்பதை அறிந்தே தன் முறையை முடிக்க நேர்கிறது. 2021இல் வந்த ‘மிட்நைட் ஹன்ட்’ தொகுதி, பகல் இரவு என்னும் நிலைகளை ஆட்டம் முழுமைக்கும் பொதுவாக்கி இவ்விதியைச் சீர்செய்தது. தெளிவு கூடியது, ஆனால் ஓநாய் மனிதர் எவரும் களத்தில் இல்லாதபோதும் பகலிரவைக் கணக்கிட வேண்டிய சுமையும் கூடியது.

மருட்கையும் அச்சமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கினைக் கூறும். இன்னிஸ்ட்ராட் உலகின் உயிர்களை இந்நான்கு அச்சக்களன்களோடு பொருத்துவது எளிது. ஆவிகளை அணங்கின்பாலும், ஓநாய் மனிதரை விலங்கின்பாலும், மார்க்கோவ் முதலான உயர்குடிகளாக வாழும் குருதியுண்ணிகளை இறையின்பாலும் சார்த்தலாம். ஆனால் இப்பொருத்தம் ஓவியத்தின் அளவிலேயே நின்றுவிடும். இங்கு மிகுதியும் பயன்படுவது அச்சத்திற்கும் மருட்கைக்கும் இடையிலான வேறுபாடே.

ஆக்கம் என்பதனை ஒன்று வேறொன்றாக மாறுதல் எனக் கொண்டால், அட்டை திரும்பும் கணத்தில் தோன்றுவது மருட்கையே ஆகும். அது வியப்பு; கணத்தில் தோன்றிக் கணத்தில் மறைவது. அட்டை திரும்புமோ திரும்பாதோ எனக் காத்திருக்கும் இடைவெளியில் தோன்றுவதே அச்சம். இருபுற அட்டையின் புதுமை சில நாளில் பழகிப்போகும். காத்திருப்பின் அழுத்தம் பழகுவதில்லை. எனவே திகில் அட்டையை வடிவமைப்பவர் மருட்கையை ஓவியத்திடம் விட்டுவிட்டு, அச்சத்தை விதியிடம் ஒப்படைப்பது தக்கது.

‘டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ்’ இதற்கு எதிர்மறைச் சான்று. ஒரு மனாவில் இறங்கும் 1/1 ஆய்வாளர் இவர். தம் முறைத் தொடக்கத்தில் அட்டைக்கட்டின் மேலட்டையைப் பார்க்கலாம். அது ஒருமுறை நிகழ்ந்து தீரும் மந்திரமாயின், அதனை எதிராளிக்குக் காட்டி, பறக்கும் 3/2 பூச்சியுருவாக மாறலாம். தன் ஆய்வாலேயே மனிதத்தன்மையை இழக்கும் அறிவியலாளரின் கதை இது. ஆயினும் உருமாற்றத்தால் ஆள்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. ஊதியம் மட்டுமே உண்டு. ஆதலின் ஆட்டக்காரர் அதனை அஞ்சாது விரும்பி எதிர்நோக்கினர். போட்டிகளில் பெரிதும் புழங்கிய அவ்வட்டை திகிலுருவாக அன்றி, மலிவான நல்ல தாக்குநராகவே நிலைபெற்றது. ஓவியம் கூறிய கதையை விதி மறுத்துவிட்டது எனலாம்.

ஐயம் தங்கும் இடங்கள்

விதியுரை இருபொருள் படுமாயின் ஆட்டம் பூசலாக முடியும். ஆகவே ஐயத்தை விதியின் சொற்களில் வைக்கவியலாது. சொல் தெளிவாக இருக்க, விளைவு மட்டும் தெளிவின்றி இருத்தல் வேண்டும். அத்தகைய ஐயம் தங்கும் இடங்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது காலம். எப்போது நிகழும் என்னும் ஐயம் இது. மேற்கூறிய ஓநாய் மனிதர் இவ்வகையினர்.

இரண்டாவது தற்செயல். ‘கிரீப்பி டால்’ என்னும் அட்டை ஐந்து மனா மதிப்புள்ள 2/3 பொம்மை. அதனை அழிக்கவியலாது. போரில் அது ஓர் உயிரினத்திற்குச் சேதம் விளைத்தால் நாணயம் சுண்டப்படும். பொம்மையை ஆள்பவர் வென்றால் அவ்வுயிரினம் அழியும். பெருவலிமையுடைய விலங்கும் சிறு பொம்மையின்முன் தயங்குவதற்கு அந்நாணயமே காரணம். தற்செயலோடு தவிர்க்கும் வாய்ப்பும் எதிராளிக்கு இருப்பதால்தான் இங்கு அச்சம் பிறக்கிறது. தவிர்க்கவே இயலாத தற்செயல் அச்சத்தைத் தராது, சலிப்பையே தரும்.

மூன்றாவது எண். 2016இல் வந்த ‘ஷேடோஸ் ஓவர் இன்னிஸ்ட்ராட்’ தொகுதியின் ‘ட்ரிஸ்கைடெகஃபோபியா’, பதின்மூன்று என்னும் எண்ணுக்கு அஞ்சும் மேலைநாட்டு நம்பிக்கையைக் கருவாகக் கொண்டது. அதனை ஆள்பவரின் முறைத் தொடக்கத்தில், சரியாக 13 உயிர்ப்புள்ளி உடையவர் எவரும் தோற்பர். பின்னர் ஆள்பவரின் தெரிவின்படி அனைவரும் ஒரு புள்ளி பெறுவர் அல்லது இழப்பர். 13ஐக் குறித்து எந்நம்பிக்கையும் இல்லாத ஆட்டக்காரரும் இங்கே 14ஐயும் 12ஐயும் கண்டு திடுக்கிடுவர். ஒரு பண்பாட்டின் நம்பிக்கையை விளக்காமலேயே அதன் உள்ளுணர்வை மற்றொரு பண்பாட்டினருக்குக் கடத்த விதியால் இயலும் என்பதற்கு இது சான்று. எண்ணின் பெருக்கமும் இவ்வகையின்பாற்படும். ‘எண்ட்லெஸ் ராங்க்ஸ் ஆஃப் தி டெட்’ தன்னை ஆள்பவரின் முறைத் தொடக்கந்தோறும், அவரிடமுள்ள நடைப்பிணங்களின் பாதியளவு புதியவற்றை, பின்னம் நீக்கி, எழுப்பும். இரண்டில் தொடங்கினால் 3, 4, 6, 9, 13 என ஐந்தே முறைகளில் அவை பெருகும். முதலில் கவனிக்கப்படாத ஒன்று, கவனிக்கும்போது கடந்துபோயிருக்கும்.

நான்காவது சொந்தச் செயல். 2015இல் வந்த ‘டெமோனிக் பாக்ட்’ நான்கு விளைவுகளைப் பட்டியலிடும். முறைக்கு ஒன்றாக, முன்பு தேர்ந்திராத ஒன்றைத் தேர்தல் வேண்டும். மூன்று விளைவுகள் நன்மை, நான்காவது தோல்வி. மறைவு ஏதுமில்லை, தற்செயலும் இல்லை. நான்காம் முறைக்குள் இவ்வட்டையைத் தன்னிடமிருந்து அகற்ற வழி கிடைக்குமா என்பதே ஐயம். ‘வெஸ்ட்வேல் ஆபி’ என்னும் மடாலயமும் இத்தகையதே. ஐந்து உயிரினங்களைப் பலியிட்டால் அது 9/7 வலிமையுள்ள பேயரசனாக மாறும். பலியாகும் அடியவரை ஒருவர் ஒருவராக உருவாக்கிச் சேர்ப்பவரும் ஆட்டக்காரரே.

ஐந்தாவது மறைவு. 2024இல் வந்த ‘டஸ்க்மோர்ன்: ஹவுஸ் ஆஃப் ஹாரர்’ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதித் திகில் திரைப்படங்களைப் பின்பற்றியது. அதன் ஒரு செயல்முறையில், அட்டைக்கட்டின் மேலிரண்டு அட்டைகளுள் ஒன்று கவிழ்த்த நிலையில் 2/2 உயிரினமாகக் களத்திற்கு வரும்; மற்றொன்று இடுகாடு சேரும். கவிழ்ந்தது இன்னதென ஆள்பவர் அறிவார், எதிராளி அறியார். இங்கு ஐயம் விதியிலும் இல்லை, வாய்ப்பிலும் இல்லை; மற்றொருவரின் மனத்தில் உள்ளது.

மாதிரி அட்டை: பூட்டிய அறை

மேற்கண்ட பகுப்பினைப் பயன்படுத்தி மாதிரி அட்டையொன்றை வடிவமைக்கலாம். கரு எளியது: ஒரு வீடு, பூட்டிய அறை, உள்ளிருந்து தட்டும் ஓசை. திறப்பதா, வேண்டாமா என்பதே திகில். இருவர் ஆடும் ஆட்டத்திற்கென இது அமைகிறது.

முதல் வரைவு, அறையிலிருந்து வெளிவந்த ஒன்றை 6/6 உயிரினமாகக் காட்டுகிறது. இது செங்கிர் வேம்பயரின் வழி. அச்சம் ஓவியத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வரைவில் எதிராளியின் முறைத் தொடக்கந்தோறும் நாணயம் சுண்டப்படுகிறது. தோற்றால் அவர் 5 உயிர்ப்புள்ளி இழப்பார். இதில் அதிர்ச்சி உண்டு, தெரிவு இல்லை.

மூன்றாம் வரைவு மறைவைக் கொண்டுவருகிறது. அறையை ஆள்பவர் தம் கையிலிருந்து ஓர் அட்டையை அதன் அடியில் கவிழ்த்து வைக்கிறார். எதிராளி முறைதோறும் 3 உயிர்ப்புள்ளி இழந்து கதவைத் திறக்கலாம், அல்லது கதவின்மீது ஒரு தட்டல் வில்லையை வைக்கலாம். மூன்றாம் வில்லை விழுந்ததும் கதவு தானே திறக்கும். உள்ளிருப்பது உயிரினமாயின் வில்லைக்கு ஒன்றாக அதன் வலிமையும் தாங்குதிறனும் கூடும். இவ்வரைவு படிக்கும்போது திகிலாகத் தோன்றும். கணக்கிட்டால் பிழை வெளிப்படும். உள்ளே 4/4 உயிரினம் இருப்பதாகவும், அது தடையின்றித் தாக்குவதாகவும் கொள்க. உடனே திறந்தவர், ஐந்து முறைகளில் திறப்பிற்கான 3 புள்ளிகளையும் தாக்குதலால் 20 புள்ளிகளையும் சேர்த்து 23 இழப்பார். காத்திருந்தவரை உயிரினம் இரு முறைகள் தாமதமாக 7/7 ஆகத் தாக்கும், இழப்பு 21. மூன்று முறைகளே கணக்கெனில் இழப்பு முறையே 15, 7. எனவே காத்திருப்பதே பெரும்பாலும் நன்று. ஒரே விடையுள்ள வினா திகிலைத் தராது.

நான்காம் வரைவு விலையை இடம்மாற்றுகிறது. திறப்பதற்கு விலையில்லை, திறக்காதிருப்பதற்கே விலை. அவ்விலை முறைதோறும் வளர்கிறது. இறுதி வடிவம் வருமாறு:

பெயர்: பூட்டிய அறை.
விலை: மூன்று மனா, அவற்றுள் ஒன்று கறுப்பு.
வகை: களத்தில் நீடித்து நிற்கும் மந்திரம்.
விதியுரை: இவ்வட்டை களத்திற்கு வரும்போது உம் கையிலிருந்து ஓர் அட்டையைக் கவிழ்த்து இதன் அடியில் வைக்கவும். எதிராளி தம் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்வார்: இதன்மீது ஒரு தட்டல் வில்லையை வைத்து, இதன்மீதுள்ள வில்லைகளின் எண்ணிக்கையளவு உயிர்ப்புள்ளி இழப்பார், அல்லது கதவைத் திறப்பார். கதவு திறந்ததும் அடியிலுள்ள அட்டையைத் திருப்பவும். அது 4 அல்லது அதற்குக் குறைந்த மனா மதிப்புள்ள உயிரினமாயின், தட்டல் வில்லை ஒவ்வொன்றிற்கும் +1/+1 பெற்று உம் களத்திற்கு வரும். அன்றேல் உம் கைக்குத் திரும்பும். பின்னர் இவ்வட்டையை இடுகாட்டில் இடவும்.
கதைவரி: மூன்றாம் இரவில்தான் அவள் எண்ணிப் பார்த்தாள், வீட்டார் அனைவரும் வெளியில்தான் இருந்தனர்.

சோதனையும் திருத்தமும்

இவ்வடிவத்தில் திறக்காதிருப்பதற்கான விலை 1, 2, 3 என ஏறுகிறது. மொத்த இழப்பு 1, 3, 6, 10, 15, 21 ஆகும். 20 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்கியவர், இடையில் புள்ளிகள் பெற்றாலன்றி, ஆறாம் முறையும் கதவைச் சாத்தி வைக்கவியலாது. ஆட்டத்திற்கு எல்லை வகுக்கத் தனி விதி தேவைப்படவில்லை, எண்ணே எல்லையாகிறது.

உள்ளே 4/4 உயிரினம் இருப்பதாக மீண்டும் கொண்டால், மூன்று முறைகளுக்குப் பின், உடனே திறந்தவர் 12 புள்ளிகளும், ஒருமுறை காத்தவர் 11 புள்ளிகளும், இருமுறை காத்தவர் 9 புள்ளிகளும் இழந்திருப்பர். ஐந்து முறைகளுக்குப் பின் அவ்விழப்பு முறையே 20, 21, 21. ஆறு முறைகளாயின் 24, 26, 27. குறுகிய ஆட்டத்தில் காத்தலும் நெடிய ஆட்டத்தில் திறத்தலும் நன்மையாகின்றன. இடையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகின்றன. உள்ளே உயிரினம் இல்லையெனின், காத்த ஒவ்வொரு முறையும் வீண் இழப்பு. ஆகவே எண்ணிக்கை விடை தருவதில்லை. எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தையும் அதுவரை அவர் ஆடிய போக்கையும் படித்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது. அச்சத்தின் இயல்பும் இவ்விதியில் பதிவாகிறது: காண மறுக்கும் ஒவ்வொரு முறையும் காணப்படாதது வளர்கிறது.

மனா மதிப்பிற்கு வரம்பிட்டதன் காரணமும் சோதனையின்பாற்பட்டது. வரம்பில்லையெனின் 13 மனா விலையுள்ள 13/13 உயிரினமாகிய ‘எம்ரகுல், தி பிராமிஸ்டு எண்ட்’ மூன்று மனாவில் அறைக்குள் ஒளிந்துகொள்ளும். அந்நிலையில் அட்டை திகிலை விட்டு, பேருருக்களை மலிவாக இறக்கும் கருவியாகிவிடும். கை வெறுமையாயின் அறையும் வெறுமையாகும். வைக்காமை கண்கூடாதலின் எதிராளி தயங்கமாட்டார். அதற்கென மற்றுமொரு விதி சேர்ப்பதினும், அவ்வேளையில் அட்டையை இறக்காதிருக்கும் பொறுப்பை ஆட்டக்காரரிடம் விடுவதே நன்று. அறையை எதிராளி வேறு மந்திரத்தால் அழித்தால் உள்ளிருந்த அட்டையும் மீளாது. ஒளித்து வைத்தவருக்கும் இடர் இருத்தல் நேர்மை. மேலும், உள்ளிருப்பது உயிரினமாயினும் அன்றாயினும் இருவர் முன்னும் திருப்பப்படுவதால் மறைவு வஞ்சனைக்கு இடமளிப்பதில்லை.

ஓவியம் கதவை மட்டுமே காட்டுதல் வேண்டும். உள்ளிருப்பதைத் தீட்டினால் விதி காத்துவைத்த மறைவை ஓவியம் வெளியிட்டுவிடும். வெறும் அறைக்கும் அவ்வோவியம் பொருந்தாது.

அச்சப்பொருளைத் தெரிதல்

விதி செம்மையாயினும் வேறொரு வினா எஞ்சுகிறது: எதனை, யாரை அச்சப்பொருளாகக் காட்டுவது? 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஏழு பழைய அட்டைகளின் படங்களைத் தன் அட்டைத்தரவகத்திலிருந்து நீக்கி, முறைசார் போட்டிகளில் அவற்றைத் தடைசெய்தது. இனவெறுப்பு அல்லது பண்பாட்டு இழிவுத் தன்மை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ‘இன்வோக் பிரெஜுடிஸ்’, ‘ஸ்டோன்-த்ரோயிங் டெவில்ஸ்’, ‘ஜிகாத்’, ‘பிரதேஷ் ஜிப்சீஸ்’ ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் சிலவற்றில் இடர் விதியில் இல்லை, பெயரிலேயே உள்ளது. விதி மாறாமல் பெயர் மட்டும் வேறாயிருந்தால் அவை இன்றும் புழங்கக்கூடும்.

திகில் அட்டையில் இவ்விடர் மிகுதி. அயலாரை அஞ்சத்தக்கவராகக் காட்டுவது திகில் மரபின் எளிய குறுக்குவழி. நாட்டார் தெய்வங்களைக் கொடுவிலங்குபோல் அட்டையாக்குவதும் அத்தகையதே. ஓர் ஊரின் காவல் தெய்வம் அவ்வூராருக்கு அச்சமும் அடைக்கலமும் ஆகும். அட்டை அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைப் பிறழ உணர்த்தியதாகும். சங்க இலக்கியத்தில் அணங்கு என்னும் சொல் வருத்தும் ஆற்றலையும் தெய்வத்தன்மையையும் ஒருங்கே சுட்டுவது இங்கு எண்ணத்தக்கது. விதியில் அச்சத்தை அமைக்கத் தெரிந்த வடிவமைப்பாளருக்கு இக்குறுக்குவழி தேவையில்லை. ‘பூட்டிய அறை’ எக்குலத்தையும் எவ்வழிபாட்டையும் சுட்டவில்லை. ஆயினும் அச்சம் குன்றவில்லை.

முடிவுரை

திகில் அட்டையின் அச்சம் விதியுரையில் தங்கும்போதே நீடிக்கிறது. ஓவியமும் உருமாற்றமும் தருவது மருட்கை. காத்திருப்பும் தெரிவும் தருவது அச்சம். விதியின் சொல் ஐயமற்றிருக்க, ஐயம் காலத்திலோ தற்செயலிலோ எண்ணிலோ சொந்தச் செயலிலோ மறைவிலோ தங்கலாம். எவ்விடத்தில் தங்கினும் ஆட்டக்காரருக்கு உண்மையான தெரிவு இருத்தல் வேண்டும். அத்தெரிவின் இருபுறமும் இழப்பு இருத்தல் வேண்டும். மாதிரி அட்டையின் மூன்றாம் வரைவு தவறியதும் நான்காம் வரைவு நின்றதும் இதனாலேயே. அச்சத்தைப் பொருளளவில் பகுத்த மெய்ப்பாட்டியல் நோக்கோடு, அச்சம் நிகழும் முறைமையையும் சேர்த்துக் காண்பது, விளையாட்டுப் பனுவல்களைத் தமிழாய்வு எதிர்கொள்ள ஒரு வழியாக அமையும்.